நாலு சிலிண்டர் நடுக்கம்

எமரால்டு, நீலகிரி
12-1-1974

மதிப்புக்குரிய மச்சான் அழகையா அவர்களுக்கு முத்துவேல் வணக்கத்துடன் எழுதுவது.

நானும் உங்கள் தங்கை காத்தாயியும் கடவுள் புண்ணியத்தில் நடமாடிக்கொண்டிருக்கிறோம். காலையில் உறைபனி புல்லின்மேல் உப்புக் கொட்டியது போலக் கிடக்கிறது. ஹட்டன் குளிரைக் குளிர் என்று சொன்ன வாயை இப்போது மூடிக்கொண்டேன். உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? அங்கே மாவும் அரிசியும் கிடைப்பது சிரமம் என்று போன கப்பலில் வந்தவர்கள் சொன்னதாகக் காத்தாயி சொன்னாள். உள்ளதை எழுதுங்கள்.

ஒரு யோசனை வேண்டும். சிலோனிலிருந்து திரும்பிய ஐந்து குடும்பங்கள் சேர்ந்து சங்கம் வைத்து ஒரு பழைய லாரி வாங்கினோம் என்று முன்பே எழுதியிருக்கிறேன். காரட், உருளைக்கிழங்கு மூட்டைகளை இங்கிருந்து ஊட்டி, குன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்குகிறோம். நான்தான் டிரைவர். காத்தாயியும் மூட்டைக் கணக்குக்கு என்று தினமும் முன்சீட்டில் கூட வருகிறாள். இப்போது இன்ஜின் ஏற்றத்தில் கறுப்பாகப் புகைகிறது. இரண்டு வழி இருக்கிறது. இதே நாலு சிலிண்டர் டீசல் இன்ஜினைக் கடைந்து, புதுப் பிஸ்டன் போட்டு ஓட்டலாம். அல்லது ஊட்டி பஜாரில் அயூப் பாய் வைத்திருக்கும் ஆறு சிலிண்டர் இன்ஜினை வாங்கி மாட்டலாம். சங்கச் செயலாளர் இருளப்பனுக்கு ஆறு சிலிண்டர்மேல் ஆசை. எனக்கு நாலே போதும் என்று படுகிறது. நீங்கள் பி.எஸ்ஸி. படித்த விஞ்ஞான ஆசிரியர். நீங்கள் நிறைகுறைகளை எழுதினால் அதுவே தீர்ப்பு என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

நீங்கள் எப்போது வருகிறீர்கள் என்று காத்தாயி கேட்கிறாள்.

தங்கள் ஆசியை நாடும்,
முத்துவேல்

*

ஹட்டன், இலங்கை
3-2-1974

அன்பு மாப்பிள்ளை முத்துவேலுக்கு,

உங்கள் கடிதமும் அதில் கண்ட உங்கள் இருவர் சுகமும் வந்து சேர்ந்தன. என் மூட்டுகளுக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இருக்கும் இடத்திலேயே இருக்கின்றன.

கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். எமரால்டு, ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். டீசல் எரியக் காற்று வேண்டும். ஆகவே எந்த இன்ஜினும் உங்கள் ஊரில் தன் சக்தியில் ஒரு பகுதியை இழந்தே ஓடும். சிறிய இன்ஜின் அந்த இழப்பைத் தாங்காமல் புகைக்கும். பெரிய இன்ஜினுக்குக் கைவசம் மிச்சம் இருக்கும். இது முதல் நியாயம்.

இரண்டாவது, இறக்கம். குன்னூருக்குக் கீழே பாரத்தோடு இறங்கும் வண்டியைப் பிரேக்கை மட்டும் நம்பி விட்டால் பிரேக் காய்ந்து கருகிவிடும். ஏறும் கியரிலேயே இறங்க வேண்டும் என்பது நீங்கள் எனக்குச் சொல்லித் தந்த பாடம். அப்போது வண்டியைப் பிடித்து நிறுத்துவது இன்ஜின்தான். கொள்ளளவு கூடினால் பிடியும் கூடும். மூட்டைமேல் ஆட்கள் உட்கார்ந்து வரும் வண்டிக்கு இதைவிடப் பெரிய நிறை வேறில்லை.

குறைகளையும் மறைக்க மாட்டேன். ஆறு சிலிண்டர் கனமானது. முன் அச்சு அழுந்தும், ஸ்டியரிங் தோளை வாங்கும். டீசல் சற்றுக் கூடுதலாகக் குடிக்கும். நாலு சிலிண்டரின் உதிரிப் பாகம் எளிதில் கிடைக்கும். அது அதன் ஒரே நிறை. ஆனால் அது ரப்பர் திண்டு இல்லாமல் சேசிஸோடு நேராக முடுக்கப்பட்டது. அதன் நடுக்கம் ஆணிகளைக் கழற்றும், ஓட்டுபவன் எலும்பையும் கழற்றும். ஆறு சிலிண்டர் பட்டுப் போல ஓடும்.

முடிவு: ஆறு சிலிண்டர். சங்கத்தில் படித்துக் காட்டலாம்.

என் வருகை பற்றிக் கேட்டிருந்தீர்கள். என் குடியுரிமை விண்ணப்பம் எந்த நாட்டின் மேசையில் கிடக்கிறது என்பதே எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததும் எழுதுகிறேன்.

இருவர் உடல்நலமும் காக்கப்படுவதாக.
அழகையா

*

எமரால்டு
24-2-1974

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் எழுத்தைக் கண்டது உங்களையே கண்டது போல இருந்தது. இங்கே இருவருக்கும் சளி வந்து போனது. வேறு குறை இல்லை.

கடிதத்தை நானே இருளப்பன் கையில் கொடுத்தேன். சங்கத்தில் வாசித்தான். படித்தவர் படித்தவர்தான் என்று எல்லாரும் பேசிக்கொண்டதாகக் காத்தாயி சொன்னாள். அடுத்த மாதம் முடிவு செய்வார்கள்.

மச்சான், எதிர்த்துப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். நடுக்கத்தைக் குறையாக எழுதிவிட்டீர்கள். நடுங்கினால்தான் வண்டி உயிரோடு இருப்பது ஓட்டுகிறவனுக்குத் தெரியும். பட்டுப் போல ஓடும் இன்ஜின் சவாரி போகிறவனுக்கு நல்லது. மலையில் இறங்குகிறவனுக்கு அது என்ன சொல்கிறது என்று எப்படித் தெரியும்? ஆறு சிலிண்டரில் கியர்க் கம்பிவரை எவ்வளவு நடுக்கம் வரும்? கால் பலகைக்கு வருமா? ரப்பர் திண்டை எடுத்துவிட்டு முடுக்கினால் கூடுமா? இதை மட்டும் எழுதுங்கள். முடிந்தால் நாலு சிலிண்டருக்குச் சாதகமாக இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள்.

கேலியும் வந்துவிட்டது. "நம்ம டிரைவருக்குத் தொட்டில்ல ஆட்டினா தூக்கம் வராது, உரல்ல போட்டு இடிச்சாத்தான் வரும்" என்று இருளப்பன் சொன்னானாம். காத்தாயி சொல்லிச் சிரித்தாள்.

மூட்டுவலிக்குத் தைலம் அனுப்ப வழி பார்க்கிறாள்.

பணிவுடன்,
முத்துவேல்

*

ஹட்டன்
17-3-1974

அன்பு மாப்பிள்ளைக்கு,

சளி நீங்கியிருக்கும் என்று நம்புகிறேன். தைலம் வேண்டாம்.

நாலு சிலிண்டருக்குச் சாதகமாக இரண்டு வரி எழுதச் சொல்கிறீர்கள். முடியாது. உண்மை என்பது உறவுக்காரனுக்கு ஒரு முழம் கூட்டி அளந்து கொடுக்கும் துணி ஆகாது. இருபது ஆண்டுகள் தோட்டத்து லாரி ஓட்டிய நீங்கள் இதைக் கேட்பது எனக்கு வியப்பாக இருந்தது. ஆகவே உங்கள் இரு கடிதங்களையும் மறுபடி படித்தேன்.

வகுப்பில் ஒருவன் தவறான விடை எழுதினால் விடையை விட்டுவிட்டு அவன் போன வழியைப் பார்ப்பது என் வழக்கம். நீங்கள் புகையின் நிறத்தை எழுதியிருக்கிறீர்கள், நடுக்கத்தை எழுதியிருக்கிறீர்கள். இன்ஜின் எப்படிச் சத்தமிடுகிறது என்று ஓர் எழுத்து இல்லை. ஹட்டனில் எங்கள் வீட்டு முற்றத்தில் தேநீர் குடித்தபடி, கீழே வளைவில் ஏறும் வண்டி எந்தத் தோட்டத்தினுடையது, எந்தக் கியரில் ஏறுகிறது என்று பாராமலே சொன்னவர் நீங்கள். மேலும், ஊரார் பேச்சு எல்லாமே உங்கள் கடிதத்தில் காத்தாயி சொன்னதாகவே வருகிறது.

நேராகக் கேட்கிறேன். உங்கள் பழைய கியர்ப்பெட்டியில், இன்ஜினின் குரல் ஏறி இறங்குவதைக் கேட்டல்லவா கியர் மாற்ற வேண்டும்? இப்போது எதைக் கொண்டு மாற்றுகிறீர்கள்?

பதிலை நீங்களே எழுதுங்கள். நலம் தொடர்க.
அழகையா

*

ஹட்டன்
6-5-1974

மாப்பிள்ளைக்கு,

என் கேள்விக்குப் பதில் வரவில்லை. தபால் தவறியிருக்கலாம் என்று ஏழு வாரம் நம்பினேன். இனி நம்பவில்லை.

உங்கள் இருவர் நலத்தைப் பற்றி இம்முறை சடங்குக்காகக் கேட்கவில்லை.
அழகையா

*

எமரால்டு
22-5-1974

அன்புள்ள அண்ணனுக்கு, காத்தாயி எழுதுவது.

அண்ணே, கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். அப்பா நம் இரண்டு பேரில் ஒருவரைத்தான் படிக்கவைத்தார். ஐந்தாம் வகுப்புக்கு இவ்வளவுதான் வரும். நீங்கள் சாப்பிடுகிறீர்களா? உங்கள் கடிதம் பரீட்சைத் தாளின் பின்பக்கத்தில் வந்திருந்தது. அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீங்கள் கண்டுபிடித்தது சரி. அவருக்குக் காது கேட்கவில்லை. கப்பலை விட்டு இறங்கி முகாமில் இருந்தபோது இருமலில் ரத்தம் வந்தது. நெஞ்சு நோய் என்று மாதக்கணக்கில் ஊசி போட்டார்கள். ஊசி போட்டவர்கள் நல்லவர்கள், இல்லாவிட்டால் அவர் இன்று இல்லை. நெஞ்சைக் கொடுத்துவிட்டுக் காதை வாங்கிக்கொண்டது அந்த மருந்து. முதலில் வண்டு ரீங்காரம் என்றார். பிறகு அதுவும் இல்லை. நான் மெதுவாகச் சொன்னால் மட்டும் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார்.

வெளியே தெரிந்தால் ஸ்டியரிங்கை வாங்கிவிடுவார்கள். தெரிந்த தொழில் அது ஒன்றுதான். அதனால் மூட்டைக் கணக்கு என்று சொல்லி நான் கூட ஏறினேன். எதிரே ஹாரன் கேட்டால் அவர் முழங்காலில் ஒரு தட்டு. பின்னால் கேட்டால் இரண்டு. மூட்டைமேல் இருக்கிற பெண்கள் வண்டியை நிறுத்தச் சொல்லிக் கூரைத் தகரத்தைத் தட்டுவார்களே, அப்போது தொடையைக் கிள்ளுவேன். கியர் மட்டும் என் உதவி இல்லை. நாலு சிலிண்டர் நடுக்கம் கம்பி வழியாக உள்ளங்கைக்கு வரும். அதை வைத்து மாற்றிவிடுவார்.

பர்லியார் டீக்கடையில் டிரைவர்கள் சும்மா விடுவதில்லை. "ஏனுங்க்கா, ஒரு டீ குடிக்கக்கூடத் தனியா உடமாட்டீங்களாட்ட இருக்குது?" என்று ஒருத்தர் கேட்டார். "உட்டா யாராச்சும் தூக்கிட்டுப் போயிருவாங்க தம்பி" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் அவரும் சிரித்தார்.

உங்கள் கடிதத்தின்படி ஏப்ரலில் ஆறு சிலிண்டர் மாட்டிவிட்டார்கள். நல்ல இன்ஜின்தான், நீங்கள் எழுதியது ஒன்றும் பொய்யில்லை. ஆனால் அவர் உள்ளங்கைக்கு இப்போது ஒன்றும் வருவதில்லை. கியர் அரைகிறது. புது இன்ஜின் பழகவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நான் எழுதியது அவருக்குத் தெரியாது. யாரிடமும் சொல்லாதீர்கள் அண்ணே.

உங்கள் தங்கை,
காத்தாயி

*

ஹட்டன்
5-6-1974

மாப்பிள்ளை முத்துவேலுக்கு,

நலம் கேட்கும் வரியை இம்முறை எழுதவில்லை. உங்கள் நலம் எனக்குத் தெரிந்துவிட்டது. காத்தாயி எழுதினாள், அவளைக் கடிந்துகொள்ள வேண்டாம். சொல்லாதே என்று என்னைக் கேட்டாள். அதை நான் மறுக்கிறேன்.

நான் கோபமாக இருக்கிறேன். என் கோபம் கத்திப் பழகியதில்லை. முப்பது ஆண்டு வகுப்பறை அதை உட்கார வைத்திருக்கிறது. அதனால் நிதானமாகவே எழுதுகிறேன்.

அது முதலில் உங்களை நோக்கி எழவில்லை. இரண்டு நாட்டு ஆட்சியாளர்கள் மேசைக்கு இருபுறமும் உட்கார்ந்து, இத்தனை லட்சம் உனக்கு, இத்தனை லட்சம் எனக்கு என்று ஒப்பந்தம் போட்டுத் தோட்டத்துத் தமிழர்களான நம்மைப் பிரித்துக்கொண்டார்கள். உருளைக்கிழங்கைப் பிரிக்கும் மண்டிக்காரனாவது ஒரு கிழங்கைக் கையில் எடுத்துப் பார்ப்பான். கரையேறியவனுக்கு நோய், நோய்க்கு ஊசி, ஊசிக்குக் காது. ஒவ்வொன்றையும் தனித்தனியே எடுத்துப் பார்த்தால் எவர்மேலும் குற்றம் இல்லை. குற்றவாளி இல்லாத இந்த ஒழுங்குதான் என்னைச் சுடுகிறது.

என் பரிந்துரை உங்கள் கையில் எஞ்சியிருந்த ஓசையையும் பிடுங்கிவிட்டது. தவறான ஆலோசனையால் வந்த கேட்டைத் திருத்தலாம். சரியான ஆலோசனையால் வந்ததை எப்படித் திருத்துவது?

இனி உங்களுக்கு. தொழில் போனால் என்ன ஆகும் என்று நீங்கள் அஞ்சியது எனக்குப் புரிகிறது. உங்கள் இடத்தில் நானும் அஞ்சியிருப்பேன். ஆனால் உங்கள் வண்டியில் மூட்டைமேல் உட்கார்ந்து வரும் பெண்கள் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்து இட்டவர்கள் இல்லை. நம்மைக் கேளாமல் நம் வாழ்வைப் பந்தயம் வைத்தார்கள் என்பதல்லவா நம் முறையீடு? அவர்களைக் கேளாமல் நீங்கள் தினமும் அதைத்தான் செய்கிறீர்கள். என் தங்கையின் இரண்டு விரல்தான் அந்த வண்டிக்குக் காது. அவளுக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்தால்?

நீங்களே சொல்லிவிடுங்கள். ஜூலை முதல் தேதிக்குள் சொன்னேன் என்று எனக்கு எழுதாவிட்டால் இருளப்பனுக்கு நான் எழுதுவேன். என்னை வெறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. உயிரோடு இருந்து வெறுங்கள்.

அழகையா

*

எமரால்டு
24-6-1974

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு முத்துவேல் எழுதுவது.

காத்தாயிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. ஆம் மச்சான், நீங்கள் எழுதியபடியே அவளுக்குக் காய்ச்சல் வந்தது.

போன திங்கள்கிழமை அவளை வீட்டில் விட்டுவிட்டுத் தனியாக வண்டி எடுத்தேன். ஒரு நாள்தானே என்று நினைத்தேன். மண்டியில் இறக்கிவிட்டு, காலிச் சாக்கோடு திரும்பி ஏறினோம். சாக்குகளின்மேல் இருளப்பனும் நாலைந்து பெண்களும் இருந்தார்கள். மரப்பாலம் தாண்டிய வளைவில் வேலாயி என்கிற பெண் சரிந்துவிட்டாள். சாக்குக் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்பலகைக்கு வெளியே தொங்கியிருக்கிறாள். எல்லாரும் சேர்ந்து கூரைத் தகரத்தை அடித்திருக்கிறார்கள். இருளப்பன் ஜாக்கிக் கம்பியை எடுத்து அடித்திருக்கிறான். எனக்கு ஒன்றும் தெரியாது. கியர் அரைபடாமல் மாறியது என்று சந்தோஷமாக ஓட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த வளைவும் திரும்பினேன். அதற்குப் பிறகுதான் பக்கக் கண்ணாடியில் ஒரு கையும் சேலைத் தலைப்பும் ஆடுவதைக் கண்டேன்.

நிறுத்திச் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுப் பின்னால் ஓடினேன். வேலாயியின் இரண்டு முழங்கையும் தோல் உரிந்து சிவந்திருந்தன. கயிற்றை இன்னும் விடாமல் பிடித்திருந்தாள். அவளைப் பிடித்து இறக்கினோம். கூரையைப் பார்த்தேன். தகரம் குழி குழியாக இருந்தது. வேலாயி என் முகத்தைப் பார்த்து ஏதோ சொன்னாள். ஒருவரும் சிரிக்கவில்லை. அவள் சொன்னது என்ன என்று சாயங்காலம்தான் காத்தாயி காய்ச்சலோடு போய்க் கேட்டு வந்து சொன்னாள். "ஏனுங்க, உங்குளுக்குக் காது கேக்காதுங்களா?" என்றுதான் கேட்டாளாம். எல்லாரும் கோபத்தில் கேட்கிற கேள்விதான்.

நான் அங்கேயே சாவியை, ஓட்டத் தெரிந்த இருளப்பனிடம் கொடுத்து, "எனக்கு ரெண்டு காதும் கேக்காது, நீ ஓட்டு" என்றேன். எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று தெரியாது. அவன் வாய் நெடுநேரம் அசைந்தது. நான் பார்க்காமல் சாக்கின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். வேலாயி சற்றுத் தள்ளி இடம் விட்டாள்.

உங்கள் கடிதம் மறுநாள் வந்தது. ஒரு நாள் முந்தி வந்திருந்தால் உங்கள்மேல் கோபப்பட்டிருப்பேன்.

சங்கத்திலிருந்து விலக்கவில்லை. மூட்டை தூக்குகிறேன். நெஞ்சு நோய்க்காரன் தூக்கக்கூடாது என்று காத்தாயி அழுகிறாள். பழைய நாலு சிலிண்டர் கொட்டகைக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது. பழைய இரும்புக்குப் போடப்போகிறார்கள்.

முத்துவேல்

*

ஹட்டன்
14-7-1974

அன்பு மாப்பிள்ளை முத்துவேலுக்கு,

வேலாயியின் கைகள் ஆறினவா? காத்தாயி தேறினாளா? முதலில் இவற்றுக்குப் பதில் வேண்டும்.

இந்தக் கடிதத்தை இருளப்பன் சங்கத்தில் வாசிக்கட்டும். பிப்ரவரியில் நான் எழுதிய நிறைகுறைகளில் ஒரு திருத்தம் உண்டு.

நாலு சிலிண்டரை இரும்புக்குப் போட வேண்டாம். அது மலை ஏறத் தகுதியற்றது; நிற்கத் தகுதி உடையது. எமரால்டில் காரட் வயல்கள் மேட்டில் இருக்க ஓடை பள்ளத்தில் ஓடுவதாகவும், பெண்கள் குடம் குடமாகச் சுமப்பதாகவும் நீங்கள் முன்பொரு முறை எழுதியிருந்தீர்கள். ஓடைக்கரையில் கனமான பலகை அடித்து அதன்மேல் இன்ஜினை முடுக்கி, பட்டை போட்டு ஒரு பம்பை ஓட்டலாம். லாரியில் முழுப் பாரம் இழுத்ததால் புகைத்தது. பம்புக்குப் பாதிப் பாரம் போதும். பிஸ்டன் வளையம் மட்டும் மாற்ற அயூப் பாயைக் கேளுங்கள். ரேடியேட்டர் கொதிக்காது, பம்பு ஏற்றும் தண்ணீரிலேயே ஒரு குழாய் பிரித்து விடலாம். குறை ஒன்று: சிறிய பம்பு இன்ஜினைவிட டீசல் அதிகம் குடிக்கும். ஆனால் அது ஏற்கெனவே உங்களுடையது.

நடுக்கம். இதை நான் குறைகளின் பக்கத்தில் எழுதியிருந்தேன். ஓட்டுநர் மாறினால் கணக்கும் மாறும் என்பதை ஓர் ஆசிரியன் அறிந்திருக்க வேண்டும். நிற்கும் இன்ஜினுக்கு எதிரே வளைவு கிடையாது, மேலே பெண்கள் கிடையாது. அதன் எல்லாப் பேச்சும் உள்ளங்கைக்குக் கிடைக்கும். ஆகவே நடுக்கத்தை எடுத்து நிறைகளின் தலைப்பில் வைக்கிறேன். ரப்பர் திண்டு வேண்டாம்.

என்னைப் பற்றிக் காத்தாயி கேட்டுக்கொண்டே இருக்கிறாள். பள்ளியில் எனக்கு இனி இடமில்லை என்று மார்ச்சில் சொல்லிவிட்டார்கள். பரீட்சைத் தாள் அதனால்தான். உங்களை உண்மை சொல்லச் சொன்னவன் இதை மறைத்து வைத்திருப்பது அழகில்லை. என் பெயர் உங்கள் கரைக்கு அனுப்புவோர் பட்டியலில் வந்துவிட்டது. கப்பல் எப்போது என்பதைத்தான் இன்னும் சொல்லவில்லை.

மூட்டை தூக்க வேண்டாம். இது வேண்டுகோள்.
அழகையா

*

எமரால்டு
9-2-1975

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

அடுத்த மாதம் கப்பல் என்ற உங்கள் கார்டு வந்தது. அதில் என்ன என்று காத்தாயி வாயசைத்துச் சொல்லவில்லை. என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டாள். ராமேஸ்வரத்தில் இருளப்பன் காத்திருப்பான். கம்பளி ஒன்று கையிலேயே இருக்கட்டும்.

இன்ஜின் ஓடுகிறது. முதல் மழைக்காலம் முழுவதும் சும்மா கிடந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், நான் இன்ஜினைப் பார்த்தேன். தையில் உறைபனி விழுந்தபோது வேலை வந்தது. வெயில் ஏறுவதற்கு முன் செடியின்மேல் தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவாவிட்டால் உருளைக்கிழங்கு இலை கருகிப்போகும். விடிகாலையில் துணிப்பந்தம் கொளுத்திக் காற்றுக்குழாய் வாயில் காட்டினால் இரண்டாவது சுற்றில் பிடித்துக்கொள்கிறது. நான் பலகைமேல் நின்று மூடியில் கை வைத்துக்கொண்டிருப்பேன். இந்த வருஷம் இந்தப் பக்கத்து மேட்டில் இலை கருகவில்லை.

மேலே வயலில் தண்ணீர் போதும் என்றால் முதலில் வேலாயி அங்கிருந்து கத்திப் பார்ப்பாளாம். பிறகு நினைவு வந்து, திட்டிக்கொண்டே இறங்கி வருவாளாம். "உங்களை டிரைவர் வேலையை விட்டு எடுத்ததுல எனக்குத்தானுங்க கால் நோவுது" என்று சொல்வதாகக் காத்தாயி சொன்னாள். இப்போது ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாள். பின்னால் வந்து தோளைத் தொடுவதில்லை. பலகையின் ஓரத்தில் காலால் ஓங்கி இரண்டு உதை விடுகிறாள்.

இன்ஜின் நடுக்கத்துக்கு நடுவே அது தனியாக வருகிறது மச்சான். உள்ளங்காலில் ஏறி முழங்காலில் நிற்கிறது. நான் திரும்பிப் பார்க்கிறேன்.

நீங்கள் வரும் அன்று நான் ஓடைக்கரையில்தான் இருப்பேன். கூப்பிட வேண்டாம். பலகையில் உதையுங்கள். காலுக்கு நல்ல சப்பாத்தாகப் போட்டு வாருங்கள்.

வழி பார்த்திருக்கும்,
முத்துவேல்